மிளகாய்ச் சிவப்புச் சட்டை

சேலை ஒன்றை வைக்க அலுமாரியைத் திறந்தேன். கீழ்த்தட்டில் உன் சட்டை கிடந்தது. கண்டி மழைக்கு எல்லாத் துணிக்கும் வரும் பூஞ்சண வாடைதான் அதற்கும். ஆனால் கழுத்துப் பட்டியில் நீ பூசும் பவுடர் வாசம் இன்னும் இருக்கிறது. நீ போய் ஒரு வருடம் ஆகிவிட்டதடி. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நடைபாதைக் கடையில் அதை நீ தூக்கிப் பிடித்தபோது கடை போட்டிருந்த மடவளைக்கார நானா, "அது ஆம்புளேட சட்ட, தங்கச்சி" என்றார். "சட்டைக்கு அது தெரியாதுதானே நானா" என்றாய். நாம் இருவரும் தங்கியிருந்த அறைக்கு வந்து பித்தான்களை எல்லாம் பிடுங்கிவிட்டு, ஒன்றுக்கொன்று ஒட்டாத ஆறு பித்தான்களைத் தைத்தாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாம் வேலை பார்த்த துணிக்கடையில் நமக்கெல்லாம் ஒரே சாம்பல் நிறச் சேலை. ஆறு மணிக்குக் கடை விட்டதும் நீ பின்னறைக்கு ஓடி, அந்தச் சட்டையைப் பாவாடைக்கு மேல் போட்டு, கையை முழங்கை வரை மடித்துக்கொண்டு வருவாய். எல்லாம் மணிக்கூட்டுக் கோபுரத்தடி பஸ் நிலையம் வரை நடக்கும் பத்து நிமிடத்துக்காக.

"தோட்டத்துப் புள்ளன்னு பாத்ததுமே தெரியுது. டவுன்காரவுங்க மாதிரி அடக்கமா உடுத்துடி" என்பேன்.

"தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகுது. பகல் பூரா கடைக்காரி. ஊருக்குப் போனா அம்மாவோட புள்ள. இந்தப் பத்து நிமிஷந்தான்டி நான் நானா இருக்கேன்."

நீ வீதியில் நிமிர்ந்து நடப்பாய். நான் உன்னோடு வந்தவள் இல்லை என்பதுபோல நாலு எட்டுப் பின்னால் வருவேன். இதை உன்னிடம் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. ஆனால் உனக்குத் தெரிந்திருக்கும்.

டெங்குக் காய்ச்சல் உன்னை ஐந்தே நாளில் கொண்டுபோய்விட்டது. நாவலப்பிட்டியிலிருந்து உன் அம்மா போன் எடுத்தார். "அவளுக்குப் புடிச்ச உடுப்பு ஒன்ன எடுத்துக்கிட்டு வாம்மா. அதப் போட்டே அனுப்பிருவோம்." சட்டையைத்தான் முதலில் எடுத்தேன். பையில் வைத்தும்விட்டேன். பிறகு தேயிலைத் தோட்டத்து லயத்துச் சனம் சுற்றி நின்று பார்ப்பதை நினைத்தேன். ஆம்பளைச் சட்டையில் ஒரு குமரிப்பிள்ளையா என்று கேட்பார்கள். சட்டையைத் திரும்ப வைத்துவிட்டு, சித்திரைக்கு முதலாளி கொடுத்து நீ ஒருதடவைகூடக் கட்டாத மண்ணிறச் சேலையை எடுத்துப் போனேன்.

"இதுவாம்மா அவளுக்குப் புடிச்சது?" என்று கேட்டார் உன் அம்மா. ஆமாம் என்றேன். அந்தச் சேலையில் நீ லட்சணமாக இருக்கிறாய் என்றார்கள் எல்லோரும். எனக்கோ கடைப் பொம்மைக்குச் சுற்றிவிட்டது போல இருந்தது.

போன ஞாயிறு உன் வருடப் படையல். உனக்குப் பிடித்த சாமானெல்லாம் இலையில் இருந்தது. பக்கத்தில், மடிப்புக் கலையாத புது மண்ணிறச் சேலை. தேயிலைக் கொழுந்து எடுத்த காசில் உன் அம்மா தேடி வாங்கியிருக்கிறார். படையல் முடிந்ததும் அதை என் கையில் கொடுத்து, "அவளுக்குப் புடிச்ச கலரு. நீ கட்டிக்கம்மா" என்றார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதை வைக்கத்தான் இன்று காலை அலுமாரியைத் திறந்தேன்.

இனியும் மறைக்க முடியாது என்று அவருக்குப் போன் எடுத்தேன். "அம்மா, அவளுக்கு அந்தச் சேல புடிக்காதும்மா. நான் பொய் சொல்லிட்டேன். அவளுக்குப் புடிச்சது ஒரு செவப்புச் சட்ட."

அங்கே கோழி கொக்கரிப்பது கேட்டது.

"தெரியும்மா. பஸ்ஸ விட்டு இறங்குனதும் மேல சால்வைய போத்திக்கிட்டு வருவா. கீழ செவப்பு தெரியுந்தானே. அன்னைக்கு நீ சேலைய நீட்டுனப்ப, அப்பாடான்னு இருந்துச்சு. சனத்துக்குப் பயந்தது நீ மட்டும் இல்ல. அதே பொய்யப் புடிச்சுக்கிட்டுத்தான் படையலுக்கும் அந்தக் கலரையே தேடி வாங்குனேன்."

அதற்குப் பிறகு அம்மா அழுதார். எனக்கு அழக்கூட வரவில்லை. உன்னை உனக்குப் பிடித்தபடி அனுப்பக் கிடைத்த ஒரே தடவையை, உன்னிடம் அன்பு வைத்த நாங்கள் இருவருமே கூட்டாகக் கெடுத்துவிட்டோம்.

இன்று மாலை கடை விட்டதும் உன் சட்டையைப் போட்டுக்கொண்டேன். தோளில் தொங்குகிறது, எனக்குக் கொஞ்சமும் எடுப்பாக இல்லை. பத்து நிமிடம் நடந்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லையடி. இதற்காகவா உனக்கு நாலு எட்டுப் பின்னால் வந்தேன்?