வீரமுத்து கொண்டுவந்த கடல் தண்ணீர்

1994 மார்ச் 8, செவ்வாய்

காலையில் முப்பத்தொரு பேர். பாதிக்கு மேல் இருமல். பிறகு மூன்றாவது லயத்து வரிசை வீட்டுக் குழந்தைக்குத் தடுப்பூசி. ஊசி போடும்போது தாய்மார்கள் பிள்ளையை மீன் தொட்டிக்கு முன்னால் தூக்கிப் பிடிப்பார்கள். கோமாளி மீன் ஓடுவதைப் பிள்ளை வாய் பிளந்து பார்க்கும்போதே நான் குத்திவிடுவேன். அதற்காகத்தான் மூன்று வருடத்துக்கு முன்பு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரிக் கூடத்தில் இந்தக் கடல்நீர்த் தொட்டியை வைத்தேன். இன்று அந்தத் தாய், "மீனு எங்கங்கயா?" என்று கேட்டாள்.

மீன் இருக்கிறது. பாசிக்குப் பின்னால் இருக்கிறது.

தீபாவளி கழிந்து ஆரம்பித்தது. இப்போது கல்லெல்லாம் விரல் நீளத்துக்குப் பச்சை மயிர். பவளத்தின் மேலும் ஏறிவிட்டது. ஆயா வள்ளியம்மா தரையைக் கூட்டிக்கொண்டே சொன்னாள்: "தல வாராத பிள்ள மாதிரி நிக்குதுங்கயா, உங்க தொட்டி."

இருபத்தாறு வருடமாக மருந்து கொடுத்துக் கட்டுப் போடும் டிரஸர் வேலை. எத்தனை சிரங்கு, எத்தனை புண். ஒரு பாசியைத் தீர்க்க முடியாதா?

மார்ச் 11, வெள்ளி

தொட்டிக்குள் கையை விட்டு, பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் தேய்த்தேன். சுலபமாக வந்தது. வந்தது மட்டுமா, தண்ணீர் முழுக்கத் தூளாகப் பறந்தது. அந்தத் தூள் விழுகிற இடத்திலெல்லாம் முளைக்கும் என்று தேய்த்து முடித்த பிறகுதான் தோன்றியது.

மார்ச் 14, திங்கள்

ஹரி ராயா பெருநாள். ஆஸ்பத்திரி மூடல். கற்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, கடல் தண்ணீர் ஊற்றிய பேசினில் வைத்துத் தேய்த்தேன். காலை எட்டு மணிக்குக் குந்தினவன் ஒரு மணிக்கு எழுந்தேன். முதுகு நிமிரவில்லை. என் மனைவி செல்லம் வந்து பார்த்தாள்.

"இது நான் அரிசி களையிற பேசின்லா!"

புதிது வாங்கித் தருகிறேன் என்றேன். இதோடு மூன்று பேசின் என்றாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

மார்ச் 20, ஞாயிறு

வீரமுத்து நான்கு டிரம் கடல் தண்ணீர் கொண்டுவந்தான். தோட்ட லோரி ஓட்டுகிறவன். போர்ட்டிக்சன் கடற்கரைப் பக்கம் போகிற நாளில் எடுத்து வைத்து, ஞாயிறு தவறாமல் கொண்டுவந்துவிடுவான். அவன் மகள் பிறந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன் என்பதை இன்னும் மறக்கவில்லை. முன்பெல்லாம் உள்ளே வந்து மீனுக்கு ஒரு பேர் வைத்துவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போவான். இப்போது லோரியை விட்டு இறங்குவதே இல்லை. இறக்கி வைக்கவும் ஆள் கூட்டி வருகிறான். "வேல கெடக்குங்கயா" என்று அங்கிருந்தே கும்பிட்டான்.

பாதித் தண்ணீரை மாற்றினேன். தேய்த்த கல், புதுத் தண்ணீர். தொட்டி பளிச்சென்று இருக்கிறது. மனசுக்கு நிறைவாக இருந்தது.

மார்ச் 25, வெள்ளி

ஐந்தே நாள். திரும்பவும் பச்சை.

ஏப்ரல் 3, ஞாயிறு

சிரம்பான் போனேன். வளர்ப்பு மீன் கடை லிம் எல்லாவற்றையும் கேட்டான். விளக்கு எத்தனை மணி நேரம் எரிகிறது? பன்னிரண்டு. தீனி? காலையும் மாலையும், போதாததற்கு நோயாளிகள் போடுவதும் உண்டு. தலையில் அடித்துக்கொண்டான். விளக்கைக் குறை, தீனியைக் குறை, பாசி தின்னும் நத்தை பத்து விடு, மூன்று மாதம் பொறு என்று மலாயில் சொன்னான். மருந்து ஏதும் இல்லையா என்றேன். மருந்து போடாதே அங்கிள் என்றான்.

நத்தை வாங்கிக்கொண்டேன். மூன்று மாதமா? மருந்து அலமாரிச் சாவி என் இடுப்பில் இருக்கிறது.

ஏப்ரல் 5, செவ்வாய்

புண்ணுக்குக் கொடுக்கிற எரித்ரோமைசின் மாத்திரையைப் போட்டேன். தண்ணீர் அளவுக்குக் கணக்குப் பார்த்துத்தான் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஏப்ரல் 6, புதன்

என்ன காரியம் செய்தேன்!

காலையில் கதவைத் திறந்தால் தொட்டி பால் மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. இரண்டு மீனும் மேலே வந்து வாயை வாயைத் திறக்கின்றன. சிவப்பு வரி இறால் செத்துக் கிடந்தது. வெளியே இருபது பேர் காத்திருக்கிறார்கள், நான் தொட்டியையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். வள்ளியம்மாதான், "ஐயா, நீங்க போயி ஆளுங்கள பாருங்க. நான் இத பாத்துக்கிறேன்" என்றாள். தொட்டி ஒரு சனியன் என்று மூன்று வருடமாகச் சொல்லிவருகிறவள் அவள். முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, குவளையால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக் காற்றுப் பிடிக்க வைத்தாள். மதியம் வரைக்கும். இரண்டு டிரம் மீதி இருந்தது, அதை மாற்றினேன். மூன்று மணிக்கு மீன்கள் கீழே இறங்கின.

பாசிக்கு ஒன்றும் ஆகவில்லை. அது ஜம்மென்று ஆடிக்கொண்டிருக்கிறது.

காரணம் தெரியாமல் மருந்து கொடுக்கக் கூடாது. புதுசாக வேலைக்கு வந்தவனுக்கே இது தெரியும். எனக்கு எங்கே போயிற்று புத்தி?

ஏப்ரல் 14, வியாழன்

சித்திரை ஒன்று. கோயிலில் கூட்டம். செல்லம் பாயசம் வைத்தாள்.

லிம் சொன்னபடி நடக்கிறேன். விளக்கு ஆறு மணி நேரம். தீனி இரண்டு நாளைக்கு ஒரு முறை. "தீனி போடாதீர்" என்று தமிழிலும் மலாயிலும் எழுதி ஒட்டியாயிற்று. தினமும் மதியம் சாப்பிட்ட பிறகு, ஒரு குழாயால் தண்ணீரை உறிஞ்ச விட்டு, பாசியை வேரோடு பிடுங்கிக் குழாய் வாயில் கொடுக்கிறேன். தூள் பறப்பதில்லை. குழாயில் வந்த தண்ணீரைத் துணியில் வடிகட்டித் திரும்ப ஊற்றிவிடுவதால் புதுத் தண்ணீர் தேவைப்படவில்லை. நாளுக்கு ஒரு கைப்பிடி. இந்த அரை மணி நேரம் எனக்குப் பிடித்துப்போய்விட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கூடத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். பம்பு சத்தம் மட்டும்.

ஏப்ரல் 24, ஞாயிறு

குறைகிறது! பெரிய கல்லின் ஒரு பக்கம் வெறுமையாகத் தெரிகிறது. நத்தைகள் கண்ணாடியில் பாதை போட்டிருக்கின்றன. வீரமுத்து தண்ணீர் கொண்டுவந்தான். மாற்றினேன்.

ஏப்ரல் 28, வியாழன்

வெறுமையாக இருந்த பக்கம் மறுபடியும் பச்சை. நான்கே நாளில்.

விளக்கும் குறைவு, தீனியும் குறைவு, எதைத் தின்று வளர்கிறது? பழைய பக்கங்களைப் புரட்டினேன். மார்ச் 20 தண்ணீர் மாற்றினேன், 25ஆம் தேதி பச்சை. இந்த ஞாயிறு மாற்றினேன், இன்று பச்சை.

தண்ணீரா?

மே 2, திங்கள்

நேற்று வந்த டிரம்மைத் திறந்து முகர்ந்தேன். கடல் வாசனை இல்லை. சேற்று வாசனை. சிறுநீரின் அடர்த்தி பார்க்கிற கண்ணாடி மிதவையை எடுத்து அந்தத் தண்ணீரில் விட்டேன். 1.012 காட்டியது; உப்புக் குறைந்தால் எண்ணும் குறையும். முதல் வருடம் நானே போர்ட்டிக்சன் கடல் முனைக்குப் போய் எடுத்த தண்ணீருக்கு 1.022 என்று பழைய டைரியில் குறித்திருக்கிறேன். இது கடலே இல்லை. பாதிக்குப் பாதி ஆறு. ஊர்ச் சாக்கடையெல்லாம் வந்து சேருகிற ஏதோ முகத்துவாரத்தில் மொண்டிருக்கிறான். ஆறு மாதமாக நானே பாசிக்கு எரு போட்டு வளர்த்திருக்கிறேன்!

ஏமாத்திட்டானே. நம்பினேனே அவன! முடியலன்னா முடியலன்னு சொல்ல வேண்டியதுதானே? யாரு கேட்டா?

செல்லம் மட்டும், "ஏசறதுக்கு முன்னால என்னான்னு கேளுங்க" என்றாள்.

மே 3, செவ்வாய்

தூங்குவதற்கு முன் எழுதிவிடுகிறேன்.

பசியாறிவிட்டு லோரி கொட்டகைக்குப் போனேன். வீரமுத்து லோரிப் படியில் உட்கார்ந்திருந்தான். எங்கே தண்ணீர் எடுத்தாய் என்று கேட்டேன். பொய் சொல்லவில்லை.

"பாலத்துக்கிட்டங்கயா. லோரிய நிறுத்தி, கயித்துல வாளிய விட்டு மொண்டுக்குவேன்."

"கடற்கரைக்குப் போறதுக்கு என்ன?"

"மணல்ல நடக்க முடியலங்கயா."

"ஏன் முடியல?"

கால்களைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். அப்போதுதான் அவன் காலைப் பார்த்தேன். வெயில் காலத்தில், வெறும் ரப்பர் செருப்புப் போடுகிறவன், இரண்டு காலிலும் பூட்ஸ். கழற்று என்றேன். வேண்டாம் என்றான். கழற்றுடா என்று கத்திவிட்டேன். ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இடது பூட்ஸைக் கழற்றியதும் நாற்றம் வந்துவிட்டது. காலுறை புண்ணோடு ஒட்டியிருந்தது. பெருவிரலுக்கு அடியில் ஐம்பது காசு அகலத்துக்குப் பள்ளம். ஓரமெல்லாம் கறுப்பு. பக்கத்து விரலும் வீங்கி நிறம் மாறிவிட்டது. புகையிலையை வைத்துக் கட்டியிருக்கிறான்.

"வலியே இல்லீங்கயா. அதான் காட்டல" என்றான்.

வலிக்கவில்லை என்கிறான்! இவ்வளவு புண்ணிலும் வலி இல்லை என்றால் நரம்பு செத்திருக்க வேண்டும். கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்து சிறுநீரைச் சோதித்தேன். சோதனைக் குழாயில் சர்க்கரை காட்டும் கரைசல் செங்கல் நிறமாக மாறியது. இனிப்பு நீர். எத்தனை வருடமாக இருக்கிறதோ.

"எங்க அண்ணனுக்கு முட்டியோட எடுத்தாங்க. ஆறு மாசம் கூட இருக்கல. எனக்கும் கால வெட்டிருவாங்க. லைசன்ஸும் போயிரும். பிள்ளைக்கு அஞ்சாம் பாரம் படிப்பு முடியிற வரைக்கும் ஓட்டிரலாம்னு பாத்தேன்" என்று அழுதான்.

என் காரிலேயே சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

ஞாயிறுதோறும் என் வாசலில் வந்து நின்றிருக்கிறான். இறங்கவில்லை, ஏன் என்று ஒரு நாள் கேட்டேனா? டிரம் வந்ததா என்று பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டேன். இருபத்தாறு வருட டிரஸர்!

மே 5, வியாழன்

இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். இன்னும் இரண்டு வாரம் போயிருந்தால் கால் தப்பியிருக்காது என்றார் டாக்டர். கால் இருக்கிறது.

மே 15, ஞாயிறு

வீரமுத்துவைப் பார்க்கச் செல்லமும் வந்தாள். சீனி போடாத தேத்தண்ணியைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தான். புண் சுத்தமாக இருக்கிறது, சிவப்பாகச் சதை வருகிறது. நானே கட்டைப் பிரித்துப் பார்த்தேன், நர்ஸ் முறைத்தாள்.

"மீனுங்க நல்லாருக்கா ஐயா? பாசி என்னாலதானுங்களா?"

"உன் தண்ணியாலதான்" என்றேன். அவன் முகம் தொங்கிவிட்டது. "ஆனா அந்தப் பாசி இல்லன்னா நான் உன் கால பாத்திருக்க மாட்டேன். அதுக்கு முன்னாலயே பாக்காதது என் தப்பு."

கட்டிலின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தான். செல்லம்தான் பேச்சை மாற்றினாள்.

மே 22, ஞாயிறு

நானும் செல்லமும் முனைக்குப் போய்த் தண்ணீர் எடுத்தோம். இடுப்பளவு இறங்கி டிரம்மை அமுக்கும்போது அலை அடித்து விழுந்துவிட்டேன். அவள் கரையில் நின்று சிரித்த சிரிப்புக்கு அங்கே குளித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அவளும் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். மரத்தடியில் புளிச்சாதம் சாப்பிட்டோம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இருவர் மட்டும் கடலுக்கு வந்தது இதுதான் முதல் தடவை என்றாள். இருக்காது என்று சொல்லப் பார்த்தேன். யோசித்துப் பார்த்தால் உண்மைதான்.

வீட்டுக்கு வந்து மிதவையை விட்டேன். 1.022.

ஜூன் 12, ஞாயிறு

மூன்றாவது முறை நல்ல தண்ணீர். பாசி வெளிறி, தொட்டாலே கையோடு வருகிறது. அடியில் கல் ஊதா நிறம் காட்டுகிறது. ஜனவரியிலிருந்து மூடியே கிடந்த பவளம் இன்று விரல் விரலாக விரிந்திருந்தது. வள்ளியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். அவள் வாயால் அவ்வளவு வந்ததே பெரிது.

ஜூன் 20, திங்கள்

வீரமுத்து வேலைக்குத் திரும்பினான். மூன்று மாதத்துக்கு லோரி கூடாது, ஸ்டோரில் இரு என்றார் மேனேஜர். நான் முன்பே போய்ப் பேசி வைத்திருந்தேன். ஸ்டோரில் உட்கார்ந்தால் கிழவனாகிவிடுவேன் என்று புலம்புகிறான். புலம்பட்டும். தினமும் காலையில் வந்து கட்டு மாற்றிக்கொள்கிறான். இப்போதெல்லாம் உள்ளே வந்து தேத்தண்ணியும் குடிக்கிறான்.

ஜூலை 2, சனி

தொட்டியின் பின் மூலையில் ஒரு கொத்துப் பாசி பாக்கி. நத்தைகளுக்கும் ஏதாவது வேண்டும். விட்டுவிட்டேன்.

ஜூலை 11, திங்கள்

ஏழு மணிக்கே வாசலில் சத்தம். வீரமுத்து தடியை ஊன்றிக்கொண்டு நிற்கிறான். பின்னால் லோரி டிரைவர்கள் நாலு பேர், டிராக்டர் ஓட்டுகிற ஆறுமுகம், ஆட்களை மேற்பார்க்கிற மண்டோர் சன்னாசி. ஆளுக்கொரு சின்ன போத்தல், காலையில் பிடித்த சிறுநீர்.

"எல்லாம் செருப்ப கழட்டுங்க. ஐயா கால பாக்கணும்" என்று அதட்டினான்.

"எனக்கு ஒண்ணும் வலி இல்லலா" என்றார் சன்னாசி.

"அதத்தான் நானும் சொன்னேன்" என்றான் வீரமுத்து.

ஆறு பேரில் இரண்டு பேருக்கு இனிப்பு நீர். சன்னாசிக்கு ஒன்றுமில்லை, வெற்றி பெற்றவர் மாதிரி நடந்து போனார். செய்தி பரவி, பத்து மணிக்கு வெட்டுக்காட்டில் பால் எடுத்துக்கொண்டிருந்த பெண்களும் வந்துவிட்டார்கள். சோதனைக் குழாய் போதவில்லை. வள்ளியம்மா கழுவிக் கழுவிக் கொடுத்தாள். பெண்களில் ஒருத்தியையும் சேர்த்து, சிரம்பானுக்கு அனுப்ப மூன்று கடிதம் எழுதினேன்.

செல்லம் கொடுத்தனுப்பிய சாப்பாட்டை நாலு மணிக்குத்தான் பிரித்தேன். இன்று தொட்டிப் பக்கம் போகவே நேரம் கிடைக்கவில்லை.