பிரஷ் பெட்டியில் கிடந்த தாள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பித் தொடங்குகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே இது பக்கத்து வீட்டு அக்கா எழுதியதில்லை என்று கண்டுபிடித்திருப்பாய். ஆமாம் கண்ணு, நானேதான். நூலகத்தில் மத்தியான வகுப்புக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. 'ண'வுக்குச் சுழி எண்ணி முடிப்பதற்குள் சொல்ல வந்தது மறந்துவிடுகிறது. ஒரு வீட்டுக்கே வெள்ளையடிச்சிருக்கலாம், பேனாவை வச்சிட்டுச் சாப்பிட வாங்க என்கிறாள் உன் அம்மா. தெருவில் போனால் கடைப் பலகையெல்லாம் என்னைக் கூப்பிடுகிறது. நாற்பது வருஷமாக நான் தூக்கிய பெயின்ட் டின்னில் 'குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும்' என்று எழுதியிருக்கிறதாம், போன மாதம்தான் படித்தேன். உன்னை அந்த டின்மேல்தானே உட்காரவைத்துச் சோறு ஊட்டினேன்!

இப்படிக் கண்ணில் பட்டதையெல்லாம் படித்துக்கொண்டு திரிந்தவன், போன வாரம் பிரஷ் பெட்டியைக் கழுவ எடுத்தேன். அடியில் விரித்திருந்த, பச்சைப் பெயின்ட் பட்ட தாளில் ஒரே கோடும் கட்டமும், ஓரத்தில் உன் குண்டு எழுத்து. எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'பற்றவைக்கும்போது பழைய ஈயத்தைச் சுரண்டாமல் புது ஈயம் வைக்காதே. பழைய பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு அடி என்று அப்பா சுவருக்குச் சொல்வதுதான்' என்று இருந்தது. கம்ப்யூட்டர் பழுது பார்க்கக் கற்றுக்கொள்ள நீ மூன்று வருஷமாகச் சேர்த்த சர்க்யூட் படங்களை, நான் வேலை செய்த வீட்டில் தரையில் பெயின்ட் சிந்தாமல் இருக்க விரித்தேனே, அதில் மிஞ்சியது அது ஒன்றுதான். அன்றைக்கு நீ எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து வாசலிலேயே நின்றுவிட்டாய். ஏணியில் இருந்தபடி, ஈரம், மிதிக்காம வா என்றேன். இது என்னோடதுப்பா என்றாய். பேப்பர்தானே என்றேன். நீ சாப்பாட்டை வாசலிலேயே வைத்துவிட்டு, பரவாயில்லப்பா என்று சொல்லிப் போனாய். அடுத்த மாதமே அந்த ஊர்த் துணிக் கம்பெனி வேலைக்குக் கிளம்பிவிட்டாய். ஆறு வருஷமாக அந்த 'பரவாயில்லை'யை நானும் நம்பிக்கொண்டு இருந்துவிட்டேன்.

அந்தத் தாளையும், பீரோமேல் நீ திறந்தபடி விட்டுப்போன கம்ப்யூட்டரின் சர்க்யூட் பலகையையும் எடுத்துக்கொண்டு கடைத்தெரு ரிப்பேர்காரரிடம் போனேன். இதுக்குப் படம் வேணும் என்றேன். பலகையில் பொடியாக அச்சடித்த எண்ணைப் படிங்க பெரியவரே, கடைசி எண் மாறினாலும் வேற படம் என்றார். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து நானே படித்துச் சொன்னேன். படம் இல்லாம இதுல கை வைக்கிறது, சுவருக்குள்ள ஒயர் எங்க போகுதுன்னு தெரியாம ஆணி அடிக்கிற மாதிரி என்றார். எதை நான் பேப்பர்தானே என்றேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தாளின் எழுத்தைப் பார்த்துவிட்டு, அட, அந்தப் பொண்ணா, கடை கடையா ஏறி இறங்கி ஒவ்வொரு தாளா கேட்டு வாங்கிச் சேர்த்துச்சே, இப்போ எங்க கடை வச்சிருக்கு என்று கேட்டார். துணியை மடித்துப் பெட்டியில் அடுக்குகிறாள் என்று சொல்லாமல், படத்துக்கு என்ன விலை என்று கேட்டேன்.

படம் கிடைத்துவிட்டது. நாற்பத்தொரு பக்கம். கலைந்துவிடாமல் இருக்க மூலையில் நானே எண் போட்டிருக்கிறேன், இருபத்தேழு மட்டும் இரண்டு தடவை வந்துவிட்டது. இதோடு அனுப்புகிறேன். மற்றதையும் தேடுகிறேன், எல்லாம் கிடைக்காது என்றும் தெரியும். நீ மறுபடி அந்த வேலையில் கை வைக்க வேண்டும் என்பதற்காக இல்லை. உன்னுடையதை உன்னிடம் கொடுக்க வேண்டும். இதைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லி எழுதச் சொல்ல முடியவில்லை. நானே எழுதியதால்தான் ஒரு வாரம் பிடித்தது. பச்சைப் பெயின்ட் பட்ட அந்த ஒரு தாளை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

குளிர் காலத்தில் காதை மூடிக்கொள். அம்மாவிடம் பேசும்போது இருமலை மறைக்காதே, அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. எந்தக் குறையும் இல்லாமல் நீ நெடுநாள் வாழ வேண்டும். மறக்காமல் பதில் போடு, இனி நடுவில் யாரும் இல்லை, நானே படிப்பேன். இந்தத் தடவை பரவாயில்லை என்று மட்டும் எழுதாதே அம்மா. பழையதைச் சுரண்டி எழுது. எவ்வளவு இருந்தாலும் எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவேன்.

கைநாட்டு இல்லாமல், கையெழுத்துப் போட்டு,
உன் அப்பா