எந்த வரியில் இருக்கிறது?

செப்டம்பர் 14

தங்கு மாமா, நம்ம பொண்ணு வினிதா இன்றைக்குச் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு மாதிரித் தேர்வு எழுதினாள். மற்றதெல்லாம் நல்ல மார்க். இங்கிலீஷ் பத்தியைப் படித்துப் பதில் சொல்வதில் மட்டும் இருபத்து நாலுக்கு ஒன்பது. அது ஏறாவிட்டால் சீட் கிடையாது. உங்கள் அண்ணன் போனில், "பேசாம இங்கயே பி.காம் சேத்துடு அம்மிணி" என்கிறார்.

செப்டம்பர் 15

பனியன் கம்பெனியில் ஓவர்டைம். எழுதத் தெம்பில்லை.

செப்டம்பர் 21

இன்றைக்கு வந்த பத்தி சாயத் தண்ணீரைப் பற்றி. நம்ம ஊர் சங்கதி! ஐந்து கேள்வி, ஐந்தும் தப்பு. நோட்டை வீசிவிட்டாள். "அப்பா பதினஞ்சு வருசம் சாயப்பட்டறையில இருந்தாரு. அவரு சொன்னதத்தான் எழுதுனேன். அது எப்படிம்மா தப்பாவும்?"

நீங்கள் கண்ணை மூடி எட்டு மாதம். அவள் வாயில் 'அப்பா' வந்ததே இன்றைக்குத்தான். எனக்கோ இங்கிலீஷ் தெரியாது.

செப்டம்பர் 22

செக்கிங் டேபிளில் நிற்கும்போது பட்டென்று தோன்றியது! பனியனில் ஓட்டை இருந்தால் அந்த இடத்தில் அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். ஒட்டாமல் ஒதுக்கினால் சூப்பர்வைசர் தெய்வாத்தாள் அக்கா விடமாட்டாள். "நேத்துப் பாத்த ஓட்டைய இன்னைக்கு வந்த பீஸ்ல தேடாத சாமி" என்பாள். அவளிடமே ஒரு தாள் ஸ்டிக்கர் கேட்டு வாங்கி வந்தேன்.

"கண்ணு, அப்பா சொன்னது நெசந்தான். ஆனா இந்தத் தாளுல அது எந்த வரியில இருக்குது? ஒட்டிக் காட்டு."

"என்னையும் செக்கிங்ல சேத்துட்டியாம்மா?" — சிரித்தாள் மாமா, சிரித்தாள்!

அக்டோபர் 5

பதினான்கு! அவள் பதில் சொல்ல, நான் "எந்த வரி?" என்கிறேன். ஒட்ட இடமில்லை என்றால் அந்தப் பதிலை விட்டுவிட வேண்டும். "உனக்கு இங்கிலீஷ்ல ஒரு எழுத்துத் தெரியாது, என்ன அதட்டல் பாரு" என்கிறாள்.

நவம்பர் 16

இருபது.

டிசம்பர் 7

பரீட்சை முடிந்தது. பத்திதான் சுலபமாம்!

டிசம்பர் 17

மத்தியானம் போன் வந்தது. "அம்மா, ரிசல்ட் வந்துருச்சு! இந்த ரேங்குக்குத் திருச்சி லா காலேஜ்ல சீட் உறுதின்னு கோச்சிங் சார் சொல்லிட்டாரு!" டேபிளைத் தட்டிக் கத்திவிட்டேன். அக்கா அரை நாள் லீவு கொடுத்தாள். ஓட்டமா வந்து கதவத் தொறந்து, "மாமா, எந்திரிங்க, புள்ளைக்குச் சீட் கெடச்சிருச்சு"ன்னு சத்தம் போட்டுட்டேன். நைட் ஷிப்ட் முடிஞ்சு தூங்கறீங்கன்னே நெனச்சுட்டேன்.

பதினோரு மாசம் ஆச்சு. இந்த வாய் ஏனுங்க மாமா இன்னும் உங்களத்தான் மொதல்ல எழுப்புது?