பெட்டி சொல்வதைத்தான் பூட்டு கேட்கும்

அன்புள்ள தம்பிக்கு, அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், அப்பா, உன் அக்கா மூன்று பேரும் உயிரோடும் ஓரளவு முழுசாகவும் இருக்கிறோம், நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு முழுசாக இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன், சிரிக்காதே. போன வருஷம் நீ வந்து போன் சொன்னால் கேட்கிற விளக்கு, பூட்டு, சைரன், டிவி பக்கத்தில் ஒரு பெட்டி எல்லாம் மாட்டிவிட்டு எது எதோடு எப்படிப் பேசும் என்று ஒரு மணி நேரம் விளக்கினாயே, நானும் சரி சரி என்று தலையாட்டினேனே, அதில் ஒரு எழுத்துகூட எனக்குப் புரியவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், வாத்தியார் மாதிரி கையை ஆட்டி ஆட்டி நீ சொல்லிக்கொண்டிருந்த அழகைக் கெடுக்க மனசு வரவில்லை. அந்தத் தலையாட்டல்தான் செவ்வாய்க்கிழமை எங்களைக் கொல்லப் பார்த்தது. உன் அக்கா உன்னிடம் போனில் ஜன்னல் கண்ணாடி உடைந்தது, வேறொன்றும் இல்லை என்று சொன்னாளாம், அவள் சொன்னது கண்ணாடிக்கு மட்டும்தான் உண்மை. என் போனைப் போலீஸ் வாங்கி வைத்திருக்கிறது, அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன், எழுத்துப்பிழையைப் பார்க்காமல் படி.

உன் அக்கா கை உடைந்து, மாவுக்கட்டோடு இங்கே வந்து இருபது நாள் ஆகிறது, அது உனக்குத் தெரியும். அவள் வந்த அன்றே நீ போனில், மாப்பிள்ளை பேரை வீட்டுப் பட்டியலிலிருந்து எடுத்துவிடு என்று சொன்னாய். எடுத்துவிட்டேன் என்றேன். பொய் சொல்லவில்லை, என் போனில் இருந்த அவன் நம்பரை அழித்தேன். கதவைத் திறப்பதும் மூடுவதும் என் போன்தானே, அதில் அவன் இல்லையென்றால் வீட்டிலும் இல்லை என்று நினைத்துக்கொண்டு அன்று நிம்மதியாகத் தூங்கினேன். நாம் ஊருக்குப் போனபோது செடிக்குத் தண்ணீர் ஊற்ற அவன் போனுக்கும் கதவு திறக்கட்டும் என்று நீ அவனைச் சேர்த்த பட்டியல் பெட்டிக்குள்தான் இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு அதிர்ஷ்டம். திங்கட்கிழமை மின்விசிறி பார்க்க வந்த கரண்டுக்காரர், டிவி பக்கத்தில் இருக்கிற அந்தப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தன் டிரில்லை மாட்டினார். நான் போனில் எதைத் தொட்டாலும் ஒரு விளக்கும் மதிக்கவில்லை, வீட்டுக்காரர் மாதிரியே ஆகிவிட்டன. கேட்டதற்கு அவர் சிரித்துக்கொண்டே, "அக்கா, உங்க போன் நேரா பூட்டுகிட்ட பேசாது. போன் பெட்டிகிட்ட சொல்லும், பெட்டிதான் பூட்டுகிட்ட சொல்லும். பெட்டி செத்துப்போனா எல்லாத்துக்கும் காது கேக்காது" என்றார். கடைசி அறை விளக்குக்குப் பெட்டியின் குரல் எட்டாதாம், நடு அறை விளக்கு கேட்டு அதற்குச் சொல்லுமாம். நம் தெருவில் சேதி பரவுகிற மாதிரிதான், ஆனால் இதுகள் ஒன்றும் கூடச் சேர்த்துச் சொல்வதில்லை. நீ ஒரு மணி நேரம் சொன்னதை அந்த மனிதர் பல்லில் ஸ்குரூவைக் கடித்துக்கொண்டே சொல்லி முடித்து, பிளக்கையும் திரும்ப மாட்டிவிட்டுப் போனார், கோபித்துக்கொள்ளாதே.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். அப்பா மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார், நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், யாரும் தொடாமலே பூட்டு கிர்ரென்று திரும்பியது. கதவு நாலு விரல் அளவுக்குத் திறந்தது, இடைவெளியில் ஒரு இரும்புக் கம்பி, அதற்கு மேலே அவன் மூஞ்சி. என் எடையைப் பற்றி நீ செய்யாத கேலி இல்லை, அந்த எடை மொத்தத்தையும் கதவில் போட்டுச் சாத்திப் போனில் பூட்டினேன். வெளியே நின்றபடி அவன் போனில் திறந்தான். நான் பூட்டினேன், அவன் திறந்தான். நாலைந்து தடவை அந்தப் பூட்டு இரண்டு பேர் பேச்சையும் மாறி மாறிக் கேட்டு அல்லாடியது, ஒவ்வொரு திறப்புக்கும் அவன் ஒரு உதை விட, கதவு என் தோளில் இடித்தது. உள்தாழ்ப்பாளும் இல்லை, அழகாக இல்லை என்று நீதான் கழற்ற வைத்தாய். "அவள அனுப்பு, இல்லன்னா ரெண்டு பேரையும் உள்ள வச்சுக் கொளுத்திட்டுப் போவேன்" என்றான். கத்தவில்லை, விலை கேட்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னான்.

உன் அக்கா சுவரோடு ஒட்டிக்கொண்டு மரம் மாதிரி நின்றாள். அப்போதுதான் எனக்குக் கரண்டுக்காரர் சொன்னது உறைத்தது, அவன் சொல்வதையும் பெட்டிதானே கொண்டுபோய்ப் பூட்டிடம் சொல்கிறது. நான் பூட்டினேன், கிர்ரென்ற சத்தம் முடிந்ததும், "பெட்டியப் பிடுங்குடி" என்றேன். பிடுங்கினாள். பச்சை விளக்கு அணைந்தது. வெளியே அவன் போனைத் தட்டிக்கொண்டே இருந்தான், பூட்டு செவிடாகி நின்றது.

ஆனால் தம்பி, பூட்டு செவிடானால் சைரனும் ஊமைதான் என்பது அந்த நேரத்தில் தோன்றவில்லை. கம்பியால் கிரில் இல்லாத கூடத்து ஜன்னலை அடித்து நொறுக்கினான், சைரன் சிவனே என்று இருந்தது, அதன் வேலையையும் நானே தொண்டையால் பார்த்தேன். அவன் இடுப்பு வரை உள்ளே வந்துவிட்டான், கண்ணாடி கிழித்துக் கையெல்லாம் ரத்தம், அந்தக் கையாலேயே உன் அக்கா முடியைச் சுற்றிப் பிடித்து இழுத்தான். அவள் தலை ஜன்னல் கட்டையில் இடித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. முதல் தடவை கன்னம் வீங்கி வந்தபோது, கொஞ்சம் அனுசரித்துப் போ என்று நான்தான் திருப்பி அனுப்பினேன், அவளும் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டு போனாள், என் மகள்தானே. அந்த நினைப்போடு அடுப்பிலிருந்து இரும்பு வாணலியை எடுத்தேன். அதற்குள் அவள் மாவுக்கட்டுக் கையாலேயே அவன் மூக்கில் ஒன்று வைத்தாள், மூக்கும் கட்டும் ஒன்றாக விண்டன. அவன் பிடி விட்டது. முழங்கையில் ஒன்று, தோளில் ஒன்று, தாடையில் ஒன்று போட்டேன். மாடியிலிருந்து அப்பா ஓடிவந்து அவன் மேல் விழுந்தார், பின்னாலேயே எதிர்வீட்டு வெல்டர் வந்து காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார். பல் இரண்டு நம் வீட்டுத் தரையில் கிடந்தன, பெருக்கித் தள்ளிவிட்டேன்.

இப்போது அவன் உள்ளே இருக்கிறான். புகாரில் அக்காவே கையெழுத்துப் போட்டாள், இடது கையால், கோணல்மாணலாக, ஆனால் யாரும் சொல்லித் தரவில்லை. நேற்று கரண்டுக்காரரை உட்காரவைத்து, அக்கா போன் வழியாகப் பெட்டியின் பட்டியலிலிருந்து அவன் பேரை எடுத்தோம், எடுக்கிற பட்டனை அவள்தான் அழுத்தினாள். தச்சர் வந்து கதவுக்கு முழ நீளத்தில் இரும்புத் தாழ்ப்பாள் போட்டுவிட்டார், அசிங்கமாகத்தான் இருக்கிறது, நீ வந்தாலும் அதைத் தொடக்கூடாது. உன் மேல் வருத்தம் இல்லை, இனி எதையாவது விளக்கினால் என்னைத் திருப்பிச் சொல்லச் சொல், அது போதும். அவளுக்கு வாரம் இரண்டு தடவை போன் பண்ணு, புத்தி சொல்லாதே, சும்மா வம்பு பேசு. எந்தக் கதவும் உன் முகத்தில் அடிக்காமல், எந்தக் கையும் உன் மேல் ஓங்காமல் நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் சத்தக்கார அம்மா

பி.கு. புகாரை எழுதிக்கொள்ள வந்த போலீஸ் அம்மா, எத்தனை அடி அடித்தீர்கள் என்று கேட்டாள். நாலு என்றேன். அவன் ஆஸ்பத்திரிச் சீட்டில் மூன்றுதான் இருக்கிறது என்றாள். நாலாவது உன் அப்பா நெற்றியில் இருக்கிறது. மூன்று தையல். வியாழக்கிழமை பிரிக்கிறார்கள்.