'ம்' இல்லாத பலகை

10-11-1972, வெள்ளி

ஆஸ்பத்திரியில் நர்சம்மா சொன்னதிலிருந்து, மனசைத் தூக்கி நிறுத்துகிற சொல் எது கிடைத்தாலும் இந்த நோட்டில் எழுதி வைக்கிறேன். குடியை விட்ட பிறகு எனக்கு இதுதான் பிடிமானம். ஆனால் இன்று சொல் கிடைத்த இடத்தை நினைத்தால் இன்னும் உடம்பு சிலிர்க்கிறது.

மில்லில் மேஸ்திரி எல்லார் முன்னாலும் என்னைத் திட்டினார். வேலை விட்டதும் கால்கள் தாமாகவே கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பக்கத்துச் சாராயக் கடைக்குப் போய்விட்டன. வாசலில் நிமிர்ந்து பார்த்தேன். 'மீண்டும் வருக' என்ற பலகையில், மழைக்குப் பெயிண்ட் உதிர்ந்து 'ம்' போயிருந்தது. 'மீண்டு வருக.' என்னைக் கெடுத்த கடையே என்னைப் பிழைத்து வரச் சொல்கிறது! அப்படியே நின்றுவிட்டேன்.

"இன்னா நைனா, மேல பாத்துக்கினே நிக்கிற? உள்ள வா" என்றான் கடைக்காரன்.

"போர்டுல ஒரு எழுத்து காணோம்பா."

"பெயிண்டர் வந்தா போட்டுடுவான். உனுக்கு இன்னா அதுல?"

வீட்டுக்கு நடந்தேன். மனைவி ராணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சோறு போட்டுக்கொண்டே கேட்டுவிட்டு, "சரிய்யா, அந்த எழுத்தப் போட்டுட்டா இன்னா பண்ணுவ?" என்றாள்.

அவள் தூங்கிய பிறகு நோட்டை எடுத்து அந்தச் சொல்லை எழுதினேன். பழக்கத்தில் கை 'ம்' போட்டுவிட்டது.

அந்த எழுத்தை அடித்துவிட்டேன்.