உங்கள் அளவுச் சட்டை

வாலுவின் அப்பாவுக்கு,

உங்கள் மனைவி எழுதுவது. நானும் நம் மகள் வாலுவும் நலம். நீங்களும் நலம்தான் என்று உங்களோடு வேலை பார்க்கும் வெல்டர் அண்ணன் சொன்னார். போன் நம்பரை மாற்றிவிட்டீர்களாமே. எங்களிடம் சொல்ல மறந்துபோயிருக்கும். அவர் லீவு முடிந்து திரும்புவதால் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பிரிக்காமல் மூலையில் போட்டுவிடாதீர்கள்.

கம்பெனியில் எனக்கு இப்போது காலர் தைக்கும் வேலை. கழுத்தை நிமிர்த்த முடியவில்லை. அடுப்படி ஒழுகுகிறது, வாளி வைத்திருக்கிறோம். சொல்லி என்ன ஆகப்போகிறது?

புத்தாண்டு விடுமுறை வந்துவிட்டது. கடையில் பரிசு வாங்க நமக்கேது வசதி? கம்பெனியில் கழித்துப்போடும் துண்டுத் துணியை வழக்கம்போல அள்ளிக்கொண்டு வந்தேன். பரிசுன்னா விலை இல்லடி, யாருக்கு எது வேணும்னு பார்த்துக் குடுக்கறதுதான் என்று அவளுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பெரிய மகராசி நான்! டீச்சருக்கு ஒரு பை, பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்குக் குல்லாய். உங்களுக்கு வருஷா வருஷம் தனியாக ஒன்று. கைக்குட்டை, தலையணை உறை எல்லாம் பீரோவில் உங்கள் தட்டில் அடுக்கியிருந்தது. இந்த முறை முழுச் சட்டை. உங்கள் பழைய சட்டையை விரித்து அளவெடுத்து வெட்டியதும், பட்டன் தைத்ததும் அவள்; மெஷின் மட்டும் நான் ஓட்டினேன். கைக்கு ஒரு நிறம், முதுகுக்கு நாலு நிறம். இதைப் போட்டுக்கிட்டுப் போனா தெருநாய் துரத்தும்டி என்று கேலி செய்தேன். அப்பா போட்டுக்குவாரு என்றாள்.

நேற்று வேலை முடிந்து வருகிறேன், நம் காலனி கேட்டருகே அந்தச் சட்டை முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. ஐயோ! நீங்கள்தான் வந்து எடுத்துப் போட்டுக்கொண்டீர்கள் என்று டிபன் பாக்ஸைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். திரும்பினால் காலனி வாட்ச்மேன். பாப்பா குடுத்துச்சும்மா, குளிருக்கு நல்லாயிருக்கு என்றார். பல்லைக் காட்டிக்கொண்டு ஓடிய நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

உள்ளே போய்ப் பார்த்தால் பீரோவில் உங்கள் தட்டு துடைத்துவிட்டது போல் காலி. அவளை அடித்துவிட்டேன். அவள் அழவில்லை. வேணும்கிறவங்களுக்குக் குடுன்னு நீதானேம்மா சொன்னே, அப்பாவுக்குத்தான் நம்மகிட்டேயிருந்து எதுவும் வேணாமே என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மிச்சத் துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்.

வாருங்கள் வாருங்கள் என்று கூப்பிட்டு எனக்கே அலுத்துவிட்டது. இனிமேல் கூப்பிடப் போவதில்லை. பணமும் வேண்டாம். அவளுக்கு மட்டும் இரண்டு வரி எழுதுங்கள். உங்களுக்கு ஏதாவது வேண்டும் என்று அவளிடம் கேளுங்கள். ஒரு கைக்குட்டையாவது கேளுங்கள். துணி இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கிருந்தாலும் நன்றாயிருங்கள்.

இப்படிக்கு,
இன்னமும் உங்கள் மனைவி