கல்ச்சர் முடிவு: வரவேண்டியது

3 பிப்ரவரி 2025, திங்கள்

இன்று பதினெட்டு நோயாளிகளின் சார்ட் முடித்தேன். கடைசி சார்ட் மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. அமெரிக்காவில் ஒருவர், அறுபத்தொரு வயது. காய்ச்சல், இருமல், துரு நிறத்தில் சளி. சளியைக் கல்ச்சர் வைத்து, அதாவது கிருமியை வளர்த்துப் பார்த்த லேப், ஒரு கிருமியின் பெயரைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. டாக்டரோ ‘நிமோனியா’ என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறார். டாக்டர் எழுதாத கிருமிக்கு நான் கோடு, அதாவது இன்சூரன்ஸுக்கான நோய் எண், போடக்கூடாது. எதனால் வந்தது என்று தெரியாத நிமோனியாவுக்கு ஜே 18.9, அவ்வளவுதான். அந்த டாக்டருக்குக் கேள்வி அனுப்பினேன். கேள்வியில் பதிலை ஊட்டிவிடவும் கூடாது. லேபில் இது இருக்கிறது, உங்கள் முடிவு என்ன என்று மட்டும் கேட்கலாம்.

ஐந்து வருஷமாக இதே மெடிக்கல் கோடிங் வேலை. இன்னும் அலுக்கவில்லை.

அம்மா சனிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்தாள். இருமல் குறைந்த மாதிரிதான் இருக்கிறது.

4 பிப்ரவரி, செவ்வாய்

அமெரிக்க டாக்டரின் பதில் வந்தது. லேப் சொன்ன கிருமி தொண்டையில் சும்மா குடியிருப்பதாம், நோய்க்குக் காரணம் வேறொன்றாம். நேற்று நானாக எழுதியிருந்தால் தப்பாகியிருக்கும். எவ்வளவு நிச்சயமாக இருந்தேன்!

5 பிப்ரவரி, புதன்

அம்மாவுக்கு மறுபடி காய்ச்சல். நூற்றியொன்று.

6 பிப்ரவரி, வியாழன்

ஒரு வருஷத்தில் இது மூன்றாவது நிமோனியா. மூன்று டிஸ்சார்ஜ் சீட்டையும் கட்டிலில் பரப்பி, சார்ட் படிப்பதுபோலப் படித்தேன். யார் யாருடைய காகிதத்தையோ வரி விடாமல் படிக்கிறவள், அம்மாவுடையதை மாத்திரை எத்தனை வேளை என்று பார்க்க மட்டுமே திறந்திருக்கிறேன்.

மூன்றிலும் ஒரே சொல்: நிமோனியா. கடைசிச் சீட்டின் அடியில் மட்டும் பொடி எழுத்தில் ஒரு வரி. ‘சளி கல்ச்சர் அனுப்பப்பட்டது. முடிவு வரவேண்டியது.’

வந்ததா? யார் போய் வாங்கினார்கள்?

“அதெல்லாம் அவங்களே பாத்துப்பாங்கடி” என்றாள் அம்மா, போர்வைக்குள்ளிருந்து.

7 பிப்ரவரி, வெள்ளி

ஆஸ்பத்திரி லேபில் குருமூர்த்தி என்று ஒருவர் தேடி எடுத்துக் கொடுத்தார். “ரிசல்ட்டு சனிக்கிழம சாயந்தரமே வந்துடுச்சுங்க. நீங்க காலையிலயே டிஸ்சார்ஜ் ஆயிட்டீங்க. அப்புறம் யாரும் வந்து கேக்கலியே.”

கிருமியின் பெயர் கிளெப்சியெல்லா. எந்த மருந்துக்கு அடங்கும், எதற்கு அடங்காது என்று கீழே ஒரு பட்டியல். அம்மா வேளை தவறாமல் விழுங்கிக்கொண்டிருக்கும் மாத்திரைக்கு நேராக — அடங்காது.

ஸ்கூட்டிய லேபு வாசல்லயே வுட்டுட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து வந்துட்டேன். அப்புறந்தான் ஞாபகம் வந்து திரும்பிப் போனேன்.

அதே நாள், சாயங்காலம்

நுரையீரல் டாக்டர் மதிவதனியிடம் அம்மாவைக் கூட்டிப் போனேன். அவரிடம் போவது இதுதான் முதல் தடவை. பதற்றத்தில் உளறிவிடுவேன் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். மூன்று முறை நிமோனியா, தேதிகள், கொடுத்த மருந்துகள், கல்ச்சர் முடிவு. கடைசியில், ‘உங்கள் முடிவு என்ன?’

டாக்டர் இரண்டு முறை படித்தார். “நீங்களே எழுதினதா?”

“என் வேலையே இதான் டாக்டர்.”

மாத்திரையை நிறுத்தி, அம்மாவை அப்போதே சேர்த்துக்கொண்டார். பிறகு பழைய எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடியே அம்மாவிடம் கேட்டார், “என்னா வேல பாக்குறீங்கம்மா?”

“செராமிக் கம்பெனில பொம்ம தேய்க்கிறேங்க.”

“எத்தன வருஷமா?”

“இவ வயித்துல இருந்தப்பலேருந்து.”

எனக்கு இருபத்தெட்டு நடக்கிறது.

“தேய்க்கறப்ப தூசு பறக்குமா?”

“பறக்காம? காஞ்ச பொம்மைய உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா மூஞ்செல்லாம் மாவு பூசுன மாதிரி ஆயிடும்.”

டாக்டர் மூன்று சீட்டையும் மறுபடி புரட்டினார். “இதுல இல்லத்தரசின்னு போட்டிருக்காங்களே?”

போட்டது நான்தான். மூன்று முறையும் சேர்க்கும்போது படிவம் நிரப்பியது என் கைதான்.

8 பிப்ரவரி, சனி

ஏன் அப்படி எழுதினேன்? பொய் சொல்கிறோம் என்றுகூடத் தோன்றவில்லை. காலேஜ் விண்ணப்பத்தில் ஆரம்பித்த பழக்கம். அன்று வெட்கம், பிறகு வெறும் கைப்பழக்கம். டாக்டர்கள் எழுதாமல் விட்டதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். நான் எழுதாமல் விட்டதை யார் தேடுவது?

அம்மாவிடம் சொன்னேன். “வூட்டு வேலயும் நாந்தான செய்யறேன். அதுவும் பொய்யில்ல, வுடு” என்றாள்.

12 பிப்ரவரி, புதன்

ஊசி மருந்துக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. காசநோய் இல்லை. ஆனால் ஸ்கேனில் இரண்டு நுரையீரலின் மேல்பக்கமும் பொடிப் பொடியாகப் புள்ளிகள்.

“களிமண்ணுல இருக்கற கல்தூசு உள்ள போய்த் தங்கியிருக்குது,” என்றார் டாக்டர். “தங்குனது போவாது. மேல சேராம பாத்துக்கலாம். அது இருக்கறதாலதான் கிருமி திரும்பத் திரும்ப வருது.”

“அப்ப நான் வேலைக்குப் போவக்கூடாதா?” அம்மாவின் குரலில் நான் கேட்டறியாத பயம்.

“அந்தத் தூசுக்குள்ள போவக்கூடாது.”

15 பிப்ரவரி, சனி

டிஸ்சார்ஜ். சீட்டில் கிருமியின் பெயர் இருக்கிறது, தூசு நோயின் பெயர் இருக்கிறது, அம்மாவின் வேலை இருக்கிறது. மனம் தானாகக் கோடு போட்டது — கிருமிக்கு ஜே 15.0, தூசுக்கு ஜே 62.8. போட்ட பிறகு அழுகை வந்தது.

3 மார்ச், திங்கள்

அம்மா சீட்டோடு போய் முதலாளி சஹீரைப் பார்த்திருக்கிறாள். இனி வண்ணம் பூசுகிற இடத்தில் வேலை, அங்கே தூசு கிடையாது. தேய்க்கிறவர்கள் இனிமேல் ஈர ஸ்பாஞ்சில்தான் தேய்க்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டாராம். எத்தனை நாளைக்கு என்று பார்க்கவேண்டும்.

16 மார்ச், ஞாயிறு

அம்மாவோடு பொம்மை தேய்த்த நாலு பேர் வந்திருந்தார்கள். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வந்த சொர்ணாம்பாளுக்குத் தீபாவளியிலிருந்தே இருமலாம். நான் கேட்கக் கேட்க அவர்கள் சொன்னார்கள். டாக்டரிடம் காட்ட ஆளுக்கொரு தாள் எழுதிக் கொடுத்தேன். நாளைக்கு எனக்கு லீவு. காலை எட்டு மணிக்கு எல்லோரும் எக்ஸ்ரே எடுக்கப் போகிறோம்.

கிளம்பும்போது வாசலில் நின்று சொர்ணாம்பாள் கேட்டார், “எடுத்துப் பாத்து ஒண்ணும் இல்லன்னு வந்துட்டா?”

“அப்படி வந்துட்டா நீ எங்களுக்கெல்லாம் டீ வாங்கிக் குடுடி,” என்றாள் அம்மா.